18.4-இல் கூடுதலாக ஒரு பீக்: புதிய போனானா, போலியா?

டிரிபிள் ஆக்சிஸில் (படிகத்தில் சிதறும் நியூட்ரான்கள் இழக்கும் ஆற்றலை அளக்கும் கருவி) இறுதி ஆற்றலை, அதாவது சிதறிய பின் நியூட்ரானுக்கு இருக்கும் ஆற்றலை, 14.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்தி அளந்தீர்கள், கணக்கீட்டில் இல்லாத பீக் 18.4-இல் வருகிறது, புதிய போனானா (படிக அணுக்களின் கூட்டதிர்வு) என்று கேட்கிறீர்கள். இந்நேரம் பேப்பருக்குத் தலைப்புகூட யோசித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

14.7-ஐ 1.25-ஆல் பெருக்குங்கள்: 18.4. அந்தப் புள்ளியில் உள்ளே வரும் ஆற்றல் 33.1. உள்ளே வரும் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் கிராபைட் மோனோகுரோமேட்டர் அதே கோணத்தில் பாதி அலைநீள நியூட்ரான்களையும் அனுப்பும். அவற்றின் ஆற்றல் 4 மடங்கு, அதாவது 132. இறுதி ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் அனலைசரோ 14.7-இன் 9 மடங்கையும் ஏற்கும்; அதுவும் 132. ஆற்றலே இழக்காமல் சிதறிய நியூட்ரான், 18.4 இழந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

சோதிப்பது எளிது. இறுதி ஆற்றலை 13.7-க்கு மாற்றி அதே ஸ்கேனை ஓட்டுங்கள். போலி என்றால் பீக் 17.1-க்கு நகரும், போனான் இருந்த இடத்திலேயே இருக்கும். கிரையோஸ்டாட் இருந்தால் 300 கெல்வினிலிருந்து 10-க்கு இறக்கியும் பார்க்கலாம்: இந்த ஆற்றலில் உண்மையான போனானின் செறிவு ஏறக்குறைய பாதியாகும், போலி குறையாது. வேறு வேறு q-வில் (சிதறலில் நியூட்ரானின் உந்த மாற்றம்) பீக் நகரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தட்டையான ஆப்டிகல் கிளையும் (q மாறினாலும் ஆற்றல் மாறாத போனான் வகை) அப்படித்தான் நிற்கும்.

படிகத்தை எதைக் கொண்டு ஒட்டினீர்கள்? சாதாரண எபாக்ஸி என்றால் அதிலுள்ள ஹைட்ரஜனின் இன்கோஹெரன்ட் சிதறல் (எல்லாத் திசையிலும் பரவுவது) 80 பார்ன் (சிதறும் வாய்ப்பைக் குறிக்கும் அலகு), அலுமினியத்துக்கு 0.01-கூட இல்லை. போலி பீக் வர ஒரு சொட்டுப் பசை போதும். அலுமினியக் கம்பியால் கட்டுங்கள், தாங்கியைக் காட்மியத் தகட்டால் மறையுங்கள் (கையுறை போட்டு வெட்டுங்கள், நச்சு). படிகத்தை எடுத்துவிட்டுத் தாங்கியை மட்டும் வைத்து ஒரு ஸ்கேன் எடுத்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

இந்த 132 ஆற்றல் நியூட்ரான்களைத் தடுக்கும் கிராபைட் ஃபில்டர் படிகத்துக்கும் அனலைசருக்கும் நடுவில் இருக்கிறதா, 5 சென்டிமீட்டராவது தடிமன் உண்டா என்றும் பாருங்கள். "14.7-ஐத் தேர்ந்தெடுப்பதே ஃபில்டருக்காகத்தானே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். ஆனால் எந்த ஃபில்டரும் முழுதாக அடைப்பதில்லை. பலவீனமான போனானுக்காக ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம் எண்ணினால் கசிவே பீக் ஆகிவிடும்.

இயற்பியலாளர் ப்ராக்ஹவுஸுக்கு 1994-இல் நோபல் பெற்றுத்தந்த கருவி இது. இன்று இதில் அளந்து எழுதும் பல பேப்பர்களில் ஃபில்டரின் தடிமன்கூட இருப்பதில்லை. பேப்பரை மதிப்பிடும் ரெஃப்ரிகள் வண்ணப்படம் கேட்பார்கள், இதைக் கேட்கமாட்டார்கள்.