நடுராத்திரியில் யார் எழுந்து பார்ப்பது?

வணக்கம் ஐயா,

எங்கள் குழுவில் ஏழு பேர். பத்தாண்டுகளாக சி பிளஸ் பிளஸ் மொழியில்தான் நிரல் எழுதுகிறோம். நினைவகப் பிழைகள் ஓயாததால், அவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே தடுக்கும் ரஸ்ட் மொழிக்கு மாறலாம் என்று மூன்று கூட்டம் போட்டு விளக்கிவிட்டேன். மூத்தவர் ஒருவர், "நடுராத்திரியில் நிரல் நின்றுபோனால் யார் எழுந்து பார்ப்பது?" என்கிறார். உடனே மற்றவர்களும் பின்வாங்குகிறார்கள். இந்த எதிர்ப்பை எப்படிச் சமாளிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவருடைய கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இத்தனை காலம் நடுராத்திரியில் எழுந்து பார்த்தவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

நான் வேலை பார்த்த குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். நிரல் நின்றுபோன கணத்தின் நினைவகப் பதிவான கோர் டம்ப்பைத் திறந்த மாத்திரத்தில் எங்கே பிசகியது என்று சொல்லிவிடுவார். ரஸ்ட்டில் முதன்முதலாக இருபது வரி எழுதினார். ஒரு மாறியை ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வரியில் அதையே மறுபடி பயன்படுத்தியிருந்தார். ரஸ்ட்டில் அப்படி ஒப்படைத்தால் அதன் உரிமையும் கைமாறிவிடும். நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் மறுத்தது. திருத்தினார், வேறோர் இடத்தில் மறுத்தது. பக்கத்தில் நின்ற இளைஞர், "இதைக் கடனாகத்தான் கொடுக்க வேண்டும் சார்" என்றார். பெரியவர் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனார். பதினைந்து ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரே மதியத்தில் கத்துக்குட்டி ஆகிவிட்டார். நாங்களோ அதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டினோம். இன்றும் அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மறுவாரம், அவர் எப்போதோ பிடித்த ஒரு பழைய பிழையை ரஸ்ட்டில் எழுதிப் பார்க்கும்படி அவரிடமே கேட்டோம். விடுவித்த நினைவகத்தை மறுபடி தொட்ட பிழை அது. கம்பைல் ஆகவே இல்லை. பிழைச் செய்தியை இரண்டு முறை படித்தார். "இதைத்தானே மூன்று வாரம் தேடினேன்" என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பழையதை மாற்றி எழுதும் பேச்சையே எடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் பழைய நிரலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைத்தான் ரஸ்ட் போன்ற மொழிகளுக்குக் கொண்டுபோனது. 2019-இல் அதன் பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகம் சார்ந்தவை. 2024-இல் அது 24 சதவீதமாகக் குறைந்தது. இதை உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள். அவர் கட்டியதை யாரும் இடிக்கப் போவதில்லை என்று தெரிந்தாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

தனியாக ஓடும் சிறிய கருவி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். எந்தக் கட்டத்தில் கைவிடுவது என்ற வரம்பையும் அவரே எழுதட்டும், அதை மீறாதீர்கள். அந்தக் கருவி நின்றுபோனால், இரவு அழைப்பு முதலில் உங்கள் எண்ணுக்கு வரட்டும்.