பேரனுக்கு ஸ்கி: 150 சென்ரிமீற்றரா, 120 ஆ?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுவிற்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் மகனுக்கு வரும் மார்கழியில் ஒன்பது வயது நிறைவடைகிறது. உயரம் 132 சென்ரிமீற்றர், எடை 28 கிலோ. இரண்டு குளிர்காலம் வாடகை ஸ்கியில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், பழகி, இப்போது இலகுவான நீலப் பாதைகளில் தனியே இறங்குகிறான். அவற்றைவிடக் கடினமான சிவப்புப் பாதைகளையும் தொடங்கிவிட்டான். பிறந்தநாளுக்கு ஓல் மவுண்டன் ஸ்கி வாங்கப் பணம் அனுப்ப எண்ணியுள்ளேன். வளரும் பிள்ளை, 150 சென்ரிமீற்றரில் எடுத்தால் மூன்று வருடம் போகும் என்கிறார் மருமகன். சூரிச்சில் இருக்கும் என் தம்பியோ, தன் மனைவி பாவித்த ஸ்கியை, சப்பாத்தை அதில் பூட்டும் பைண்டிங்குடன் சும்மா தருகிறேன் என்கிறான். அந்தப் பைண்டிங்கில் 3 முதல் 10 வரை எண்கள் உள்ளனவாம். எதை ஏற்பது?
– ஓர் அம்மம்மா, கொக்குவில்

பதில்: அம்மா, இரண்டையும் ஏற்க வேண்டாம். மருமகன் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது. தகப்பனின் சைக்கிளைப் பாருக்குள் கால் விட்டு ஓடிப் பழகியவர்களும், பாடசாலைச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு அடைத்தவர்களும் நாங்கள்தான். அந்தச் சிக்கனம் ஸ்கிக்குப் பொருந்தாது. ஸ்கி திரும்புவது எப்படியென்றால், அதன் விளிம்பு பனியில் சாய்ந்து ஊன்ற, மேலே நிற்பவரின் பாரத்தால் பலகை வில்லாக வளைந்து, அந்த வளைவின் வழியே அவரைக் கொண்டுபோகிறது. 28 கிலோப் பிள்ளையால் 150 சென்ரிமீற்றர்ப் பலகையை அவ்வாறு வளைக்க முடியாது. அவன் பின்பக்கம் சாய்ந்து, குதிக்கால்களால் பலகையை இழுத்துத் திருப்பப் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது ஆசிரியருக்குப் பெரும் பாடு.

பேரனை வெறுங்காலுடன் சுவரோரம் நிற்க வைத்து, நாடிக்கும் மூக்குக்கும் நேரே பென்சிலால் இரண்டு கோடுகள் போடச் சொல்லுங்கள். அவனுடைய உயரத்துக்கு அவை ஏறத்தாழ 112, 120 சென்ரிமீற்றரில் விழும். சிறுவர் ஸ்கிகள் பெரும்பாலும் பத்துப் பத்துச் சென்ரிமீற்றராகவே நீளம் கூடி வருவதால், சிவப்புப் பாதையில் துணிந்து இறங்குபவனாயின் 120, இன்னும் தயங்குபவனாயின் 110. மருமகன் கேட்கும் பலகையை நிமிர்த்தி வைத்தால் பேரனின் தலைக்கு மேல் ஒரு சாண் அளவு நிற்கும்.

ஓல் மவுண்டன் என்பது உருட்டிச் சமன் செய்த பாதையிலும் அதன் ஓரத்து மெத்தென்ற பனியிலும் ஓடத் தக்கது. ஸ்கியின் இடுப்பு, அதாவது காலின் கீழ் வரும் ஒடுங்கிய பகுதி, இவனுக்கு 65 முதல் 75 மில்லிமீற்றர் போதும். அதைவிட அகன்றது பார்வைக்குக் கம்பீரமாயிருக்கும். ஆனால் காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற நேரமெடுக்கும். முன்முனை சற்று மேல்நோக்கி எழுந்திருந்தால் திருப்பத்தைத் தொடங்குவது இலகு. நிறத்தையும் படத்தையும் பேரனே தெரிவு செய்யட்டும்.

தம்பி தரும் பைண்டிங்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஊருக்குத் திரும்புமுன் சுவிஸில் ஸ்கி வாடகைக் கடையொன்றின் பின்கட்டில் பல குளிர்காலங்கள் இந்தத் திருகாணிகளோடு கழித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பைண்டிங்கின் வேலை சப்பாத்தைப் பிடித்திருப்பது மட்டுமன்று. விழும்போது கால் முறுகுமுன் அதை விட்டுவிடுவதும் அதன் வேலையே. எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதையே அந்த எண் குறிக்கிறது. எடை, உயரம், வயது, ஓடும் விதம், சப்பாத்தின் அடி நீளம் ஆகியவற்றை அட்டவணையில் பார்த்துக் கடைக்காரர் அதைத் தீர்மானிப்பார். ஒன்பது வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளுக்கு ஒரு படி குறைத்தே வைப்பது முறை. உங்கள் பேரனுக்கு அது பெரும்பாலும் 1.5 க்கும் 3 க்கும் இடையில் வரும். தம்பியின் பைண்டிங் 3 இல்தான் தொடங்குகிறது! பிள்ளை மெதுவாக முறுகி விழும்போது அது விடாது. கணைக்கால் எலும்பே அந்த விசையைத் தாங்க நேரும். 0.75 முதல் 4.5 வரை அளவுள்ள சிறுவர் பைண்டிங்கைக் கேளுங்கள்.

சப்பாத்தின் அடியையும் பார்க்க வேண்டும். சிறுவர் சப்பாத்தின் அடியும் பெரியோருடையதும் முனையில் ஒரே வடிவமல்ல. நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் அடியுள்ள கிரிப்வோக் வகை இன்னொன்று. பைண்டிங் எந்த அடியை ஏற்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். சப்பாத்து கழன்றதும் ஸ்கி தானே ஓடிவிடாமல் நிறுத்தும் தடுப்புக் கம்பிகள் ஸ்கியின் இடுப்பைவிடச் சற்று அகன்றிருக்க வேண்டும். துளையிடாமல் தண்டவாளம் போன்ற தட்டில் முன்பின் நகர்த்தக்கூடிய பைண்டிங் கிடைத்தால், கால் வளர்ந்து சப்பாத்து மாறினாலும் அதே ஸ்கியில் சமாளிக்கலாம். வளரும் பிள்ளை என்ற கணக்குப் பொருந்தும் ஒரே இடம் இதுதான்.

பணத்தைப் பற்றி என் எண்ணத்தைக் கேட்டால், ஸ்கியை இவ்வருடமும் பருவகால வாடகைக்கே எடுக்கச் சொல்வேன். உங்கள் பணம் சப்பாத்துக்கும் தலைக்கவசத்துக்கும் போகட்டும். சப்பாத்தின் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் விரல்கள் முன்சுவரில் முட்ட நிற்கும்போது குதிக்காலின் பின்னே ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் அளவு சரி. சொந்த ஸ்கிதான் வேண்டுமென்று அவன் அடம்பிடித்தால், இலையுதிர்காலத்தில் அங்கு நடக்கும் பாவித்த பொருட் சந்தைகளில் 120 இல் ஒரு சோடி தேடலாம்.

கேள்வி: ஒஸ்லோவில் உள்ள என் பேத்திக்கு ஒரு வருடத்தில் நாலு கிலோ கூடியுள்ளது. பைண்டிங்கின் எண்ணைத் தகப்பனே திருகாணி திருப்பி மாற்றலாமா?
– வாசகர், சுண்டுக்குளி

பதில்: திருப்புவது இலகு, அதனால்தான் ஆபத்து. சிறு கண்ணாடிக்குள் தெரியும் எண்ணும் வில் உண்மையில் விடும் விசையும் காலப்போக்கில் ஒத்துப்போகாமல் போகலாம். பைண்டிங்கின் பின்பகுதி சப்பாத்தை முன்னோக்கி அழுத்தும் அளவும் சரியாயிருக்க வேண்டும். கடையில் சப்பாத்தை ஸ்கியில் பூட்டி, இயந்திரத்தில் முறுக்கி, அது விடும் விசையை அளந்து தாளில் எழுதித் தருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, முதற் பனிக்கு முன்பே கொண்டுபோகச் சொல்லுங்கள். பைண்டிங் மிகப் பழையதென்று கடைக்காரர் தொட மறுத்தால் பேத்தியின் தகப்பன் கோபிக்க வேண்டாம். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திய மாதிரிகளைச் சரிசெய்து கொடுக்க நானும் மறுத்து, ஒரு தகப்பனிடம் நன்றாக ஏச்சு வாங்கியிருக்கிறேன்.