களி வேகும் நேரம்

வணக்கம் ஐயா,

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். அதிகம் பேசப்படாத சிறு படங்களைத் தேடிப் பார்க்கிறவன் நான். ஆடும் கேமரா, மங்கிய நிறம், நீண்ட மௌனம், கொஞ்சம் வறுமை இருந்துவிட்டால் போதும், யதார்த்தப் படம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்மையில் பார்த்த ஒரு படத்தில் நம் பக்கத்துக் குடும்பம் வருகிறது. அம்மா களி கிண்டிக்கொண்டே மகனுக்குப் புத்தி சொல்கிறார். மகன் களியை மென்றபடி அழுகிறான். இருவருமே நன்றாகத்தான் நடித்தார்கள், ஆனால் காட்சி பொய்யாக இருந்தது. ஒரு காட்சியை எதை வைத்து நிஜம் என்பீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காட்சியைக் கெடுத்தது களிதான். உலை கொதித்ததும் நொய்யைப் போட்டு வேகவிடுவார்கள். பிறகு ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, கிண்டாமல் விட்டுவிடுவார்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர். குவியலின் நடுவில் கோலால் துளை போட்டால் கொதிநீர் அதன் வழியாக மேலேறி மாவை வேகவைக்கும். பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பச்சை மாவு கட்டிகட்டியாக நின்றுவிடும். அதன்பின் பானையை இறக்கி, ஆடாமல் அணைகொடுத்து, இரண்டு கையாலும் கோலை அழுத்திக் கிண்ட வேண்டும். தோள் இறுகும், மூச்சு வாங்கும். அப்போது ஒருவரால் நாலு வரி வசனம் பேச முடியாது. புத்தி சொல்ல வேண்டுமென்றால் மாவு வேகிற அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இயக்குநருக்கு வேண்டிய இடைவெளி அடுப்படியிலேயே இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. களியை மெல்லவும் மாட்டார்கள். கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்குவார்கள். மெல்கிற வாயைப் பார்த்ததுமே இவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு வேலையும் தனக்கென்று ஒரு நேரத்தையும் உடம்பையும் கேட்கும். அதைக் கொடுத்த காட்சியைத்தான் நான் நிஜம் என்பேன். இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'உம்பெர்ட்டோ டி' (1952) படத்தில் வேலைக்காரப் பெண் விடியற்காலையில் சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள், உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைக்கிறாள். எழுந்திருக்காமலே காலை நீட்டி விரல் நுனியால் கதவைச் சாத்துகிறாள். தான் கர்ப்பமாயிருப்பது அவளுக்குத் தெரியும். வசனமே கிடையாது. கண்ணீர் வந்தும் கை அரைப்பதை நிறுத்துவதில்லை. நீங்கள் குறைப்படும் நீண்ட மௌனமும் இந்தக் காட்சியின் மௌனமும் ஒன்றல்ல. இங்கே ஒவ்வொரு நொடியும் கைக்கு வேலை இருக்கிறது. வெறுமனே ஜன்னலைப் பார்த்து நிற்கிற நடிகரிடம் அது இல்லை.

ஆடும் கேமராவை நான் உங்கள் அளவுக்கு வெறுக்கவில்லை. நெரிசலான பேருந்துக்குள் அது இயல்பாகவே ஆடும். ஓட்டுவீட்டுத் திண்ணையில் ஆடுவதற்குத்தான் காரணம் இல்லை. எனக்குப் பெரிய உறுத்தல் வெளிச்சம். நண்பகலில் அந்த வீட்டுக்குள் இருட்டாக இருக்கும், வாசல் வெள்ளையாக எரியும். கேமரா இரண்டையும் ஒருசேரக் காட்டாது. உள்ளே விளக்கு வைத்துச் சமப்படுத்திவிட்டால் அந்த வீட்டின் வெக்கையே போய்விடுகிறது. ஒலியும் அப்படித்தான். டப்பிங்கில் எல்லாக் குரலும் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பதிவாகிறது. இருபது அடி தள்ளி நிற்பவர் காதருகே பேசுவது போலக் கேட்கும். ஷாட் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொண்டால், வசனங்களுக்கு நடுவே விழுகிற செத்த அமைதியை அதைக் கொண்டு நிரப்பலாம். செலவே இல்லாத வேலை இது. சிறு படங்களில் இதைக்கூட விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பற்களையும் கவனியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பழுப்புக் கறை நின்றுவிடும். துலக்கினால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆகவே ஒரே வீட்டில் தாத்தாவுக்குக் கறையும், காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பேரனுக்கு வெள்ளைப் பல்லும் இருக்கலாம். வறுமைக்கென்று கன்னத்தில் கரி பூசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பேச்சும் அப்படியே. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே ஆள் வீட்டில் தெலுங்கும், சந்தையில் தமிழும், பெங்களூர் மேஸ்திரியிடம் கன்னடமும் பேசுவார். படங்களில் அவருக்கு மதுரைத் தமிழைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு இத்தாலிய இயக்குநர் ஓல்மி 1978இல் எடுத்த 'மரக்காலணி மரம்' படத்தில் பெர்காமோ விவசாயிகளையே நடிக்கவைத்து, அவர்களுடைய வட்டார மொழியிலேயே பேசவைத்தார். பள்ளியிலிருந்து திரும்பும்போது பையனின் மரக்காலணி உடைகிறது. அப்பா பண்ணையாரின் மரம் ஒன்றை ரகசியமாக வெட்டி, இரவில் புதிதாகச் செதுக்குகிறார். அதற்காகக் குடும்பமே வெளியேற்றப்படுகிறது. அழவைக்கப் பின்னிய கதை என்று தோன்றவே இல்லை, காரணம் அந்தக் கட்டையும் உளியும்.

நீங்கள் சொன்ன அந்தக் களிப் படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால், மகன் தட்டில் ஆவி வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகக் கிண்ட வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஆறிய களியையே வைத்துவிடுவார்கள். ஆறினால் அது இறுகிவிடும், கிள்ள வராது. பாவம், அந்த நடிகருக்கு மெல்லுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.