விலக்குக் கடிதம் எழுத வேண்டாம், அம்மணி

காங்கயத்திலிருந்து இங்கிலாந்தின் மில்ட்டன் கீன்ஸுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். வீட்டிலும் வகுப்பிலும் வாக்கர் பிடித்து நடக்கிறான், தூரம் என்றால் சக்கர நாற்காலி. பள்ளி அனுப்பிய கடிதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் உடற்கல்வி, அரைப் பருவ விடுமுறை முடிந்ததும் நீச்சல் என்று இருக்கிறது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி விலக்குக் கேட்டுவிடலாமா என்கிறீர்கள். போதாததற்கு, "பையனை எங்களிடமே விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மாமியார் தினமும் போனில் சொல்கிறாராம்.

நீங்கள் என் ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். நான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கோபிச்செட்டிபாளையம் தாண்டி எங்கள் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் 17 ஆண்டுகள் ஆகின்றன.

விலக்குக் கடிதம் வேண்டாம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. நான்தான் அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்துவிட்டேன். அம்மா பாரியூர் கொண்டத்துக் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: 'விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஆறாம் வகுப்பில் கொடுத்த அந்த ஒரு கடிதம் பத்தாம் வகுப்பு வரை செல்லுபடியானது. பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்ற பாசத்தில் எழுதியதுதான். ஐந்து வருடம் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்கும் சட்டைக்கும் காவல் இருந்தேன். கபடிக்குப் புள்ளி எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூச்சு விட்டுவிட்டானா, கோட்டைத் தொட்டானா என்று தகராறு வந்தால் என்னிடம்தான் தீர்ப்புக்கு வருவார்கள். கோட்டுக்கு உள்ளே நான் ஒரு நாளும் போனதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். பங்காளி வீட்டுப் பையன்கள் எல்லோரும் மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில்தான் நீச்சல் பழகினார்கள். நான் கிணற்று மேட்டில் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்குள் என் எடையை அந்தக் கால் சுமக்க வேண்டியதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். 1965 போரில் குண்டடிபட்டு முடங்கிய முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில்தான் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது; எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் நீந்தக் கற்றுக்கொண்டது 36ஆவது வயதில், நீங்கள் இப்போது இருக்கும் ஊரின் பொது நீச்சல் குளத்தில். பக்கத்துத் தடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த பெண் என்னை இரண்டு நடை போகவிட்டுப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாக இழுக்கிறது, இதை இடுக்கிக்கொள்ளுங்கள் என்று தொடைகளுக்கு நடுவே வைக்க ஒரு நுரைக்கட்டையைக் கொடுத்தார். சுரைப்புருடையின் தம்பி! கரையேறிய பிறகு உடைமாற்றும் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இனி உங்கள் பையன் விஷயம்.

இங்கிலாந்தின் பள்ளிப் பாடத்திட்டத்தில் 5 முதல் 16 வயது வரை உடற்கல்வி கட்டாயப் பாடம். தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளைகள் குறைந்தது 25 மீட்டர் நீந்தப் பழக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பள்ளியின் சட்டக் கடமை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த மாற்றங்களுக்காக உங்களிடம் காசு கேட்கக் கூடாது. ஆகவே நீங்கள் விலக்குக் கேட்டால், அவர்கள் செய்ய வேண்டிய வேலையிலிருந்து அவர்களுக்குத்தான் விலக்குக் கொடுக்கிறீர்கள். சில பள்ளிகள் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருப்பார். 'சென்கோ' என்பார்கள். அவரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்குள் அவனோடு யார் இறங்குவார், குளத்தில் ஆளை இறக்கும் தூக்கி இருக்கிறதா, உடை மாற்ற அவனுக்குக் கூடுதல் நேரம் உண்டா, குளிரில் தசை இறுகினால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நம் ஊர் வழக்கப்படி "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். காங்கயம் வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி எடுத்த பையன் என்றால் அந்தத் தாள்கள், பழைய மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து எழுதும் திட்டம் ஒன்று உண்டு, ஈ.எச்.சி. பிளான் என்பார்கள். பள்ளி கேட்கட்டும் என்று இருக்காமல் பெற்றோரே நகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 20 வாரத்துக்குள் முடிய வேண்டும். அது நடைமுறையில் எப்படி இழுக்கும் என்பதை நேரில் சொல்கிறேன். சிவன்மலை ஆண்டவர் கனவில் வந்து உத்தரவுப் பெட்டியில் வைக்கச் சொல்லும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஆனால் விலக்கு இல்லை என்றாலே விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடாது. நம் தெருவில் சின்னப் பிள்ளையைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்போது என்ன பெயர் வைப்போம்? ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், தொடலாம், அவுட் ஆனாலும் அவுட் இல்லை, எடுத்த புள்ளியும் கணக்கில் வராது. அந்தச் சொல்லிலேயே கால் முடியாதவன் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். உங்கள் பையனை வெள்ளைக்காரப் பள்ளியில் திட்டமாட்டார்கள், ஒதுக்கமாட்டார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடலாம். வாக்கரோடு மைதானத்தில் நிற்பான், யாரும் பந்து போடமாட்டார்கள், வகுப்பு முடிந்ததும் "பிரமாதம்" என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "விளையாடினாயா" என்று கேட்காதீர்கள். "எத்தனை புள்ளி எடுத்தாய், யாரிடம் தோற்றாய்" என்று கேளுங்கள். தோற்றேன் என்று அழுதுகொண்டு வந்தால் நல்ல வகுப்பு.

விவரம் தெரிந்த ஆசிரியர்கள் இடம், செயல், கருவி, ஆட்கள் என்ற நான்கையும் மாற்றிப் பார்ப்பார்கள். மைதானத்தைச் சுருக்குவது, பந்து ஒருமுறை தரையில் குத்திய பிறகு பிடிக்கலாம் என்பது, மெத்தென்ற பந்து, ஜோடி மாற்றுவது, இப்படி. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாற்றினால்தான் புள்ளி கணக்கில் வரும்.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்து எனக்குப் பிடித்துப்போனதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தைப் பார்த்து 1.0 முதல் 4.5 வரை ஓர் எண் கொடுப்பார்கள். சர்வதேச ஆட்டத்தில் களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. அசைவு குறைந்த, எண் சிறிய ஆட்டக்காரர் உள்ளே இருந்தால்தான் நல்ல உடல்வாகு உள்ள இன்னொருவரையும் இறக்க முடியும். கருணைக்காக யாரும் அவரைச் சேர்ப்பதில்லை. அவர் வராவிட்டால் அணியே கட்ட முடியாது.

உங்கள் பையனுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவது வேறு. ஃபிரேம் ரன்னிங் என்று ஒன்று இருக்கிறது: பெடல் இல்லாத மூன்று சக்கர வண்டி, உட்கார இருக்கை, நெஞ்சுக்குத் தாங்கு. காலால் தரையை உதைத்து ஓட வேண்டும். வாக்கரில் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை அதில் ஏறி முதல்முறை காற்று முகத்தில் அடிக்கப் போவதைப் பார்க்க வேண்டும். வாக்கர் பிடித்தபடியே ஆடும் கால்பந்தும் உண்டு.

அப்புறம் போச்சா. நம் கோலி விளையாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, சிவப்பு ஆறு, நீலம் ஆறு, எவருடைய பந்து அதற்கு நெருக்கமோ அவருக்குப் புள்ளி. கையால் எறியவே முடியாதவர்கள் சாய்வான சறுக்குப் பலகை ஒன்றை வைத்து உருட்டுவார்கள். அந்தப் பலகையைத் திருப்பி வைக்க உதவியாளர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான். விதி என்ன தெரியுமா? உதவியாளர் ஆட்டக் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. பிள்ளை இடது என்றால் இடது, இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம். பந்து எங்கே போய் நின்றது என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சோற்றை ஊட்டி ஊட்டி வளர்க்கிற நம் ஊர்த் தாய் தகப்பனை அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் தொடங்கிய இடம் உங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. எய்ல்ஸ்பரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு முறிந்து சாவுக்காகக் காத்துக்கிடந்த படைவீரர்களை எழுப்பி உட்காரவைத்து வில்லைக் கையில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் விதை அதுதான். பக்கத்திலேயே விளையாட்டு அரங்கம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு அரசு தரும் டி.எல்.ஏ. பணத்துக்கு யார் சொன்னாலும் அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் விசாவில் 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை இருந்தால் அது விசாவுக்கே வினையாகும். பள்ளியும் அந்த ஈ.எச்.சி. திட்டமும் அந்தத் தடையில் வரமாட்டா. அன்றாட நாற்காலியை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் கடனாக வாங்க முடியும். குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். விளையாட்டு நாற்காலி அவர்கள் தருவதில்லை, விலையும் ஆயிரக்கணக்கான பவுண்டு. கிளப்பில் இரவல் கிடைக்கும்போது சொந்தமாக வாங்க வேண்டியதில்லை.

எல்லா கிளப்பும் வாசலைத் திறந்து வைத்திருக்கும் என்றும் எண்ணாதீர்கள். சில வருடம் முன்பு ஒரு கிளப்பில், காப்பீடு இடம் தராது என்று ஒரு பையனை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவனுடைய அம்மா, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டார். மறுவாரமே காப்பீடு இடம் கொடுத்துவிட்டது. சண்டை போடத் தேவையில்லை, அம்மணி. எழுத்தில் கேட்டால் போதும்.

மாமியார் பேச்சுக்கு வருகிறேன். அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஆத்தா மடியும், பேர் சொல்லிக் கூப்பிடும் தெருவும் மில்ட்டன் கீன்ஸில் கிடைக்காது. இங்கேயும் காலம் மாறித்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் தனிப் பிரிவு இருக்கிறது. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டினார். ஓசூர் நித்யஸ்ரீ பாரிஸில் இறகுப்பந்தில் வெண்கலம் வாங்கினார்.

ஆனால் பதக்கம் வாங்கப்போகிற பிள்ளைக்கு இருக்கும் வழி, சும்மா விளையாட ஆசைப்படுகிற பிள்ளைக்கு இருக்கிறதா? நேற்று என் தம்பி மகனின் பள்ளிக்குப் போயிருந்தேன். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். ஓர் அடி ஏறச் சாய்தளம் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது விதி; அங்கே மூன்று அடி இருந்தால் அதிகம். சிமெண்ட் மூட்டையைச் சறுக்கிவிடலாம். உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலும் நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கே அங்கே விளையாட்டு இல்லை. பையனை மில்ட்டன் கீன்ஸிலேயே உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரை ஆறு மாதம் வரவழையுங்கள்.

வீட்டுப் பக்கம் ரெட்வே என்று சிவப்பு நிறத்தில் நடைபாதை போகும், பார்த்திருப்பீர்கள். கார்கள் வராது, சாலையைக் கடக்கப் பெரும்பாலும் சுரங்கப்பாதை இருக்கும். மாலையில் அவனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகட்டும், நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள். கைக்குப் பலம் வரும்.

நான் அடுத்த வியாழக்கிழமை திரும்புகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கூடைப்பந்துப் பயிற்சி. பிள்ளைகளுக்கென்று சின்ன நாற்காலிகள் இரண்டு இருக்கின்றன. ஒரு தடவைக்கு நான்கு பவுண்டு. முதல் தடவைக்கு வாங்குவதில்லை. பையனின் இடுப்பு அகலத்தை அளந்து எழுதி அனுப்பினால் பட்டையைச் சரிசெய்து வைத்திருப்பேன். நீச்சலுக்கு இறுக்கமான முழுக்கைச் சட்டை வாங்கிவிடுங்கள், குளிர் தாங்கும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது ஊரிலிருந்து வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.