புதுப்பித்த ஜாகுவார் இ-டைப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இது: 1963-ஆம் வருட ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் கார், 3.8 லிட்டர், திறந்த ரோட்ஸ்டர். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, கார்மன் சிவப்பு அடித்திருக்கிறார்கள். 'முழுமையான ரெஸ்டோரேஷன், எல்லா எண்களும் பொருந்தும், வேலை முடிந்தபின் 60 மைல் மட்டுமே ஓடியது' என்பது விற்பவரின் வாசகம். கேட்டவர் லெஸ்டரில் இருக்கிறார். இருபது வருடச் சேமிப்பைப் போடப் போகிறார். நம்பி இறங்கலாமா என்கிறார்.

நான் மதுரையில் அப்பாவின் டிங்கரிங் பட்டறையில் வளர்ந்தவன். 14 வருடமாகக் கோவென்ட்ரிக்குப் பக்கத்தில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு சிறிய பட்டறையில் பாடி வேலை பார்க்கிறேன். என் கைபட்ட இ-டைப்புகள் முப்பதைத் தாண்டியிருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெயிண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டை மூடுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். படங்கள் இல்லையென்றால், புதுப்பித்த காருக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் இந்தக் காரை முதன்முதலாகக் காட்டியபோது, ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இருந்த கார் போதவில்லை. கோவென்ட்ரியிலிருந்த ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்குத் தகவல் போய், அவர் இன்னொரு காரை இரவோடிரவாக ஜெனீவாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அதன் உருவத்தை வரைந்த மால்கம் சேயர், விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வளைவு ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு எடுத்தார். 1996-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு நீல ரோட்ஸ்டரைத் தன் சேகரிப்பில் சேர்த்தது என்றால் அந்த வளைவுகளுக்காகத்தான். இன்றைக்கும் ஒரு இ-டைப்பின் பானட்டில் உப்புத்தாள் போடும்போது, உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கோடு எங்கேயும் தடுக்காமல் ஓடுவதை உணர்ந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

ஆனால் அதே கார் அன்றைக்கு 2,097 பவுண்டுக்கு விற்றது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்க ஏறக்குறைய அதன் இரு மடங்கு வேண்டியிருந்தது. அந்த விலைக்குள் அடங்க வேண்டுமென்றால் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். துருத் தடுப்பு அப்படி விடுபட்ட ஒன்று. பத்து வருடம் கழித்து இவை வெறும் பழைய கார்கள். கல்லூரிப் பையன்கள்கூட வாங்கி ஓட்டினார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு தகரத்தை வைத்து ஒட்டி அடுத்த வருடாந்தர வாகனச் சோதனையைத் தாண்டினால் போதும் என்றிருந்த காலம். மதிப்பு ஏறியது அதற்குப் பிறகுதான். ஆகவே இன்றைக்குப் 'புதுப்பித்தது' என்று விற்பனைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குள் 1970-களின் ஒட்டுப்போட்ட வேலை எங்காவது இருந்திருக்கும். அதை வெட்டி எடுத்தார்களா, மேலேயே பூசி மெழுகினார்களா என்பதுதான் கேள்வி.

இ-டைப்புக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. நடுவில் ஒரு தகட்டுக் கூடு. அதன் முன்னால், சதுரக் குழாய்களால் ஆன ஒரு சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அந்தச் சட்டத்தில் உட்காரும். நடுக்கூட்டின் பலம் பெரும்பாலும் கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் சில் எனும் பெட்டித் தகடுகளில் இருக்கிறது. மூடிய கூப்பேயில் கூரையும் கொஞ்சம் தாங்கும். ரோட்ஸ்டரில் கூரை இல்லை, சில்தான் எல்லாமே. அதை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டு செய்து கூட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து வாழைக்காய்போல வளையும். அப்படி வளைந்த காரில் புது சில்லை வெல்டு செய்துவிட்டால் அந்த வளைவு நிரந்தரம். பிறகு கதவு இடைவெளி சரியாக வராது. வராததை மறைக்கப் பட்டி எனும் நிரப்புப் பசையை அள்ளி வைப்பார்கள்.

நாலு வருடம் முன்பு ஓய்வுபெற்ற ஒருவர் ஒரு சிவப்பு ரோட்ஸ்டரை எங்களிடம் கொண்டுவந்தார். பதினோரு மாதம் முன்பு ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது. பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று: ஜாக்கி போட்டால் இடது கதவு சாத்த மாட்டேன் என்கிறது. கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. வெளிச் சில்லை அறுத்தோம். உள்ளே பழைய சில் அப்படியே இருந்தது. கையால் தொட்டால் உதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவே நுரையை அடித்து நிரப்பி, மேலே விரல் கனத்துக்குப் பட்டி. 'பட்டி அள்ளி வைக்கிறவனுக்குத் தகரம் தட்டத் தெரியலைன்னு அர்த்தம்டா' என்று அப்பா சொல்வது எனக்கு அப்போது காதில் கேட்டது. அந்த மனிதர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அறுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார். முடிந்தது. கார் வாங்கிய தொகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மறுபடி செலவானது.

எனவே நீங்கள் போய்ப் பார்க்கும்போது, முதல் வேலையாக இரண்டு கதவையும் மெதுவாகச் சாத்திக் கேளுங்கள். பிறகு ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு மறுபடி திறந்து சாத்தச் சொல்லுங்கள். இடைவெளி மாறக் கூடாது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தொழிற்சாலையிலேயே தகட்டு மூட்டுகளை ஈயம் உருக்கிப் பூசித்தான் சமப்படுத்தினார்கள், ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. மூட்டில் ஒட்டவில்லை என்பதற்காகக் கலங்க வேண்டாம். சில்லின் நடுவிலோ கதவின் அடிப்பகுதியிலோ ஒட்டவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அடியில் படுத்து, பின் சஸ்பென்ஷனைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் காரின் தரைத் தகட்டோடு சேரும் இடத்தையும் பாருங்கள், துரு அங்கே சீக்கிரம் குடியேறும். முன்சட்டக் குழாய்கள் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளிருந்து அரித்திருக்கலாம். அதை மாற்றினார்களா, எப்போது என்று கேளுங்கள்.

பானட்டையும் விடாதீர்கள். இந்தக் காரின் முன்பாதி முழுவதும் ஒரே பானட், முன்னோக்கித் திறக்கும். பல பாகங்களை போல்ட் போட்டுச் சேர்த்துச் செய்தது. அதைக் கதவோடும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டோடும் ஒரே அளவு இடைவெளியில் உட்கார வைப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். எங்கள் பட்டறையில் அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குவோம். அந்த இடைவெளி இரண்டு பக்கமும் ஒத்திருந்தால், செய்தவர் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருக்க மாட்டார் என்று ஓரளவு நம்பலாம்.

எண்களுக்கு வருவோம். 'எல்லாம் பொருந்தும்' என்றால் எதோடு பொருந்துகிறது என்று கேளுங்கள். தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ் ஒன்றுதான் அளவுகோல். சேஸிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், தயாரித்த தேதி, அனுப்பிய தேதி, எந்த ஊர் விநியோகஸ்தருக்குப் போனது, அப்போதிருந்த நிறம் எல்லாம் அதில் இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் ரோட்ஸ்டர்களின் சேஸிஸ் எண்கள் 875001-இலிருந்து தொடங்கின, வலப்பக்கம் 850001-இலிருந்து. உங்கள் கார் அமெரிக்கா போனது என்பதால் முதல் வரிசையில்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் மாற்றியது குற்றமல்ல, இங்கே சாதாரணமாக நடப்பது. ஆனால் பிறவியிலேயே வலப்பக்கக் காருக்குள்ள விலையை யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: சேஸிஸ் எண்ணைக் குத்தியிருப்பது போல்ட் போட்ட அந்த முன்சட்டத்தில். கழற்றி மாற்றக்கூடிய பாகம் அது. சட்டத்தை மாற்றினால் புதிதில் பழைய எண்ணைக் குத்துவது வழக்கம்தான். அப்படியானால் எண் குத்திய பழைய துண்டை எடுத்து வைத்திருப்பார்கள், அதைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும். சிலிண்டர் ஹெட்டிலும் இருக்கும். அந்த இடத்தைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம் தெரிகிறதா பாருங்கள். ரிவெட் அடித்த எண் பலகையைச் சான்றாக எடுக்காதீர்கள், அச்சு அசலாகப் புதுப் பலகை கடையில் கிடைக்கிறது.

சான்றிதழில் ஊர் பெயரை நான் எப்போதும் முதலில் படிப்பேன். லாஸ் ஏஞ்சலஸ் என்றால் ஓரளவு நிம்மதி, காய்ந்த ஊர். நியூயார்க் என்றால் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். சில் படங்களை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன். நிறத்தையும் பாருங்கள். சிவப்பு விற்கும் என்பதற்காகவே சிவப்பாக்கிய கார்கள் ஏராளம். ஓபலசென்ட் சில்வர் கிரேயில் பிறந்த காரைச் சிவப்பாக்கியிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வாங்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய குறை அல்ல.

இப்போது அந்த 60 மைல். விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். நான் அதைக் குறையாகப் பார்க்கிறேன். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிய கார் முதல் சில நூறு மைலில்தான் தன் கோளாறுகளைச் சொல்லும். எங்கோ ஒரு சீல் ஒழுகும், மூன்று எஸ்யூ கார்புரேட்டரும் ஒன்றோடொன்று ஒத்து வராது, வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறும். அதையெல்லாம் யாரோ ஒருவர் சரிசெய்து, 2,000 மைல் ஓட்டி, பில்களையும் வைத்திருக்கும் காருக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். பெயிண்டில் இரண்டு கல் பட்ட வடு இருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நன்றாகச் சூடேறிய பிறகு 3,000 சுற்றில் ஆயில் அழுத்த மீட்டரின் முள் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 3.8-இன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, ஓட்டத்திலேயே கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ கிடையாது, கார் நின்ற பிறகுதான் நோகாமல் விழும், அது கோளாறு அல்ல. கிளட்ச் வழுக்கினால் யோசியுங்கள், மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே, பின் சக்கரங்களுக்கு நடுவேயுள்ள டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. டிஃபரென்ஷியல் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக பிரேக்கில் இறங்கும். அதனால் ஓட்டி முடித்ததும் பின்பக்கம் குனிந்து மோந்து பாருங்கள்.

40 வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் இந்த நாட்டில் எம்ஓடி எனும் அந்த வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. அதனால் யாரும் அடியில் பார்க்காமலே கார் கைமாறுகிறது. கட்டாயமில்லாவிட்டாலும் வாங்கும் முன் ஒரு சோதனை எடுத்துத் தரச் சொல்லுங்கள். செலவு சொற்பம், நேர்மையானவர் மறுக்க மாட்டார்.

உங்கள் சேமிப்பு எவ்வளவு கனமானது என்று எனக்குப் புரிகிறது. அப்பா ஒரு பழைய அம்பாசடர் வாங்க ஆறு வருடம் சேர்த்தார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். இன்றிரவே விற்பவருக்கு எழுதுங்கள்: இடது, வலது சில்களின் உட்புறம் தெரியும் படங்கள், ஹெரிடேஜ் சான்றிதழின் நகல், இன்ஜின் பிளாக் எண்ணின் கிட்டத்துப் படம். மூன்றும் வந்ததும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், எண்களின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மறைத்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.