“சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்ற கடிதத்தில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: நான் மூதூர்ப் பக்கம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஏழு வருடமாக ரூம்போய் வேலை. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா. டித்வா சூறாவளியில் ஹோட்டலின் குசினிக் கூரையும் ரெஸ்டூரண்டும் போய்விட்டன. எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம். சித்திரைக்குப் பிறகுதான் திறப்போம் என்று மனேஜர் சொல்கிறார். “சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், எனக்குச் சேரவேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டன” என்ற கடிதத்தில் கையெழுத்து வைத்தால் ஒரு மாதச் சம்பளம் தருவார்களாம், சீசன் வந்ததும் திரும்ப எடுப்பார்களாம். பதினைந்து பேருக்கு மேல் உள்ள பெரிய ஹோட்டல்களுக்குத்தான் சட்டம் என்றும் சொல்கிறார். இப்போது நாங்கள் ஒன்பது பேர். இன்னொருவர் பத்து வீதம் கொடுத்தால் ஈ.பி.எஃப். காசு முழுவதையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கையெழுத்து வைக்கவா, வேண்டாமா?

பதில்: வைக்கவேண்டாம் தம்பி. கடிதத்தை வாங்கி, “வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். தர மறுத்தால் கைபேசியில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை போன ஹோட்டலை மூட முதலாளிக்கு உங்கள் கையெழுத்து எதற்கு? இதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுக்கக் குற்றம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால், ஒன்றில் அவரே முன்கூட்டி எழுத்தில் சம்மதிக்கவேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முன்கூட்டி அனுமதி எடுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. அனுமதி கேட்டுப் போனால் கணக்குக் காட்டவேண்டும், விசாரணை நடக்கும், நட்டஈடு எவ்வளவு என்ற பேச்சும் வரும். உங்கள் கையெழுத்துக் கிடைத்தால் அது ஒன்றும் தேவையில்லை. அந்த ஒரு மாதச் சம்பளம் உங்களுக்குத் தரும் உதவி அல்ல, அந்தக் கையெழுத்துக்கான விலை.

முதலாளிக்கும் அடிதான், இல்லை என்று சொல்லவில்லை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடன் எடுத்துக் கட்டிய சின்ன ஹோட்டல்காரர்களை எனக்கும் தெரியும். ஆனால் அவர் போக வேண்டிய வழி சட்டத்திலேயே இருக்கிறது. “சூறாவளிச் சேதத்தால் தற்காலிகமாக மூடுகிறோம், உங்கள் சேவை தொடர்கிறது, இந்தத் திகதியில் திறப்போம்” என்று ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். சீசனுக்குத் திரும்ப எடுப்பது உண்மை என்றால் அதை எழுதித் தருவதில் என்ன கஷ்டம்? வாயால் “வாடா, ஏப்ரலில் பார்ப்போம்” என்பவர், ஏப்ரலில் உங்கள் இடத்தில் குறைந்த சம்பளத்துக்குப் புதுப் பொடியனைப் போட்டால் நீங்கள் எங்கே போய்க் கேட்பீர்கள்? திரும்ப எடுத்தாலும் புது ஆளாகத்தான் எடுப்பார். ஏழு வருடச் சேவை அந்தத் தாளோடு முடிந்துவிடும்.

இனி அந்தப் பதினைந்து பேர்க் கதை. மனேஜர் சொன்னதில் பாதி உண்மை. சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளிக்கு அந்த 1971 சட்டம் பொருந்தாது. எந்தச் சராசரி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இன்றைக்கு எத்தனை பேர் என்பதல்ல கணக்கு. வேலையை நிறுத்தும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களின் சராசரி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் ஹோட்டலில் ஜூனில் 22 பேர், ஜூலையிலும் ஓகஸ்டிலும் 26 பேர், செப்டெம்பரில் 20, ஒக்டோபரில் 10, நவம்பரில் 9 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 113. ஆறால் பிரித்தால் கிட்டத்தட்ட 19. டிசம்பரில் நிறுத்தினால் உங்கள் ஹோட்டல் சட்டத்துக்குள் வருகிறது. அதே ஹோட்டல் உங்களை இழுத்தடித்து மார்ச்சில் “வேலை இல்லை” என்று சொன்னால் எண்ணவேண்டியது செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரை. 20, 10, 9, 9, அப்புறம் காவலுக்கு மூன்று பேர், மறுபடி மூன்று பேர். மொத்தம் 54, சராசரி 9. சட்டத்துக்கு வெளியே!

எங்கள் கரையில் இது சின்ன விஷயம் அல்ல. கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் இங்கே சீசன். சூறாவளி வருவதோ ஆட்கள் குறைந்த காலத்தில். 1964இல் வந்தது டிசம்பரில், 2020இல் புரெவி டிசம்பர் 2, இப்போது டித்வா நவம்பர் 28. கார்த்திகை, மார்கழியில் எண்ணினால் எந்தக் கடற்கரை ஹோட்டலும் சின்ன ஹோட்டல்தான். ஆறு மாதம் பின்னால் போய் எண்ணினால்தான் ஓகஸ்ட் மாதக் கூட்டம் கணக்கில் ஏறும். அதனால்தான் சொல்கிறேன், வேலை நின்றது டிசம்பரில் என்பதை டிசம்பரிலேயே எழுத்தில் பதியவேண்டும். வீட்டில் இருந்து “மனேஜர் கூப்பிடுவார்” என்று காத்திருந்தால் பிறகு அவர் சொல்லும் மாதம்தான் மாதம்.

எண்ணும்போது நியமனக் கடிதம் உள்ளவர்களை மட்டும் எண்ணவேண்டாம். வாய்ப்பேச்சில் வேலைக்கு எடுத்தாலும் அது ஒப்பந்தம்தான். தோட்டம் பார்க்கும் ஐயா, குசினியில் பாத்திரம் கழுவும் அக்கா, ஹோட்டல் ஸ்கூலில் இருந்து பழக வந்த பொடியன்கள், எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். யாரைக் கழிப்பது என்பதை அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும். நீங்களே முதலாளிக்காகக் கழித்துக் கொடுக்காதீர்கள்.

கடிதத்தின் இரண்டாவது வரி, “எல்லாம் கிடைத்துவிட்டன” என்பது, முதல் வரியைவிட மோசம். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 20,000 பெருக்கல் 7, அதாவது 140,000 ரூபா. நீங்களாகவே விலகினாலும் இது கொடுக்கவேண்டிய காசு, முப்பது நாட்களுக்குள். இதற்கும் பதினைந்து பேர் வேண்டும், ஆனால் இங்கே சராசரி இல்லை. முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாள் பதினைந்து பேர் இருந்தால் போதும். ஓகஸ்டில் ஒரு பெரஹெரா விடுமுறை நாளை நினைத்துப் பாருங்கள், அன்று எத்தனை பேர் ஓடித்திரிந்தீர்கள்? அந்த ஒரு நாள் போதும். அவர்கள் தருவதாகச் சொல்வது 40,000. எழுதி வாங்க நினைப்பது இதையெல்லாம்.

என்னிடம் வந்த ஒரு குசினி உதவியாளரின் கதை. கொரோனாக் காலத்தில் ஒரு ஹோட்டல் அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டியது, அவர் “சம்பள ரசீது” என்று நினைத்துக் கையெழுத்து வைத்தார். வழக்கில் எதிர்த்தரப்பு வேறு ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், சம்பளத் தாளாக இருந்தாலும் சரி.

நீங்கள் இதை வாசிக்கும்போது ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டிருந்தால் தலையில் கைவைத்து உட்காரவேண்டாம். எப்படி வாங்கினார்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பதை இன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு லேபர் ஒபிசுக்குப் போங்கள். வேலை நிறுத்தப்பட்டதை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, வேலை நின்ற நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். பதினைந்து பேர் இல்லாத இடத்தில் வேலை செய்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், “வெள்ளத்தால் வரமுடியவில்லை” என்று ஏழாம் மாதம் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பத்து வீதக்காரர். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் இவர்கள் ஈசல் மாதிரி வருவார்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியை வேலை போய்விட்டது என்பதற்காக எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாகவேண்டும். இடையில் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குப் பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 300,000 ரூபாவும் வேண்டும். உங்களுக்கு ஏழு வருடம். அப்படியானால் அவர் எடுத்துத் தருவது எதை? போலி மருத்துவச் சான்றிதழோ, நிரந்தரமாக வெளிநாடு போகிறீர்கள் என்ற பொய்யோ எழுதித்தான் எடுக்கவேண்டும். பிடிபட்டால் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. இந்த விண்ணப்பங்களுக்குக் கட்டணமும் இல்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். அட்டையோடு இரகசிய இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே உத்தியோகத்தர் யாராவது காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

அதே ஆள், அல்லது அவருடைய மச்சான், அடுத்த மாதம் மாலைதீவு ஹோட்டல் வேலையோடு வருவார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் கதவைச் சாத்துங்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். வாராந்தக் கடன் கொடுக்க வீட்டு வாசலில் பெண்களைக் குழுவாக இருத்துபவர்களைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: வருமானம் நின்ற வீட்டில் கிழமைத் தவணைக் கடன் எடுக்கக்கூடாது.

வீட்டு நிவாரணம் வேறு வழி. வேலை செய்யும் இடத்தின் கிராம உத்தியோகத்தர் அல்ல, வீடு இருக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம்தான் பதியவேண்டும். ஹோட்டல் குவார்ட்டர்ஸில் படுத்தவர்கள் நிலாவெளியில் பெயர் கொடுத்துவிட்டு மூதூரில் விடுபட்டுப் போகிறார்கள். மாவிலாறு உடைத்து வந்த தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால், வீடு துப்புரவாக்க அறிவித்த 25,000 ரூபாவையும் வீட்டுப் பொருட்களுக்கு அறிவித்த 50,000 ரூபாவையும் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவும் முன் படம் எடுத்திருந்தால் நல்லது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அடையாள அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. அது இல்லாமல் கிராம உத்தியோகத்தர் அசையமாட்டார், அவர் கையெழுத்து இல்லாமல் பிரதேச செயலகம் அசையாது. வெள்ளத்தில் எல்லாம் போனவனிடம் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்கும் நாடு இது. அனுப்பிய தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் தமிழில் தரச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள். தமிழும் ஆட்சிமொழி. ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

இந்தக் கிழமை செய்யவேண்டியது இதுதான். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீட்டவேண்டாம், இவ்வளவு போதும்:

“டிசம்பர் மாதம் … ஆம் திகதி முதல் எனக்கு வேலை தரப்படவில்லை. நான் விலகவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். எப்போது வேலைக்கு வரவேண்டும் என்பதை எழுத்தில் அறியத்தாருங்கள். நவம்பர் மாதச் சம்பளத்தையும் சேர்விஸ் சார்ஜ் பங்கையும் தாருங்கள்.”

சேர்விஸ் சார்ஜ் முதலாளியின் நன்கொடை அல்ல, விருந்தினர் பில்லில் உங்கள் பெயரைச் சொல்லி வாங்கிய காசு. கேட்க வெட்கப்படவேண்டாம். தபால் ரசீதோடு கடிதப் பிரதியை எடுத்துக்கொண்டு லேபர் ஒபிசில் முறைப்பாடு கொடுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. ஈ.பி.எஃப். கட்டினார்களா என்பதையும் அங்கேயே கேளுங்கள். உங்களிடம் 8 வீதம் வெட்டிவிட்டு அவர்களுடைய 12 வீதத்தோடு சேர்த்துக் கட்டாமல் விட்ட ஹோட்டல்கள் உண்டு. இதற்குப் பதினைந்து பேர் வேண்டியதில்லை, ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்டவேண்டும். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணிக்குக் காசு இல்லையே என்று பயப்படவேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள்.

கடிதம் போய்ச் சேரும் முன் இன்னொரு வேலை. உங்கள் ஹோட்டலின் ஸ்டாஃப் வட்ஸ்அப் குழுவில் ஜூன் முதல் நவம்பர் வரை போட்ட டியூட்டி ரோஸ்டர்கள் இருக்கும், யார் யார் எந்த ஷிஃப்ட் என்று. அந்தப் படங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே உங்கள் மனைவியின் தொலைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்களைக் குழுவில் இருந்து நீக்கிவிடுவார்கள்.