குதிரை நிஜம், நட்சத்திரம் கதை

கேள்வி: யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும் என்று நாஜிகள் உத்தரவிட்டதும், டென்மார்க் அரசர் பத்தாம் கிறிஸ்டியன் தானே முதல் ஆளாக அதை அணிந்து குதிரையில் நகர்வலம் போனாராம். அப்படிப்பட்டவருடைய இரண்டாவது மகனின் அரியணையைச் சட்டம் திருத்திப் பிடுங்கிக்கொண்டார்களே, நியாயமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: குதிரை நிஜம். நட்சத்திரம் கதை. அரியணை விவகாரத்தில் காலத்தையே மாற்றிவிட்டீர்கள்.

டென்மார்க்கில் மஞ்சள் நட்சத்திர உத்தரவு எந்தக் காலத்திலும் போடப்படவில்லை. போடாத உத்தரவை மீற எதை அணிவது? ஏன் போடவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மன் படை நுழைந்தது. சில மணி நேரத்தில் டென்மார்க் பணிந்தது. அரசர், நாடாளுமன்றம், மந்திரிசபை, போலீஸ், கோர்ட் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்று ஜெர்மனி விட்டுவைத்தது. பெருந்தன்மையால் அல்ல. டேனிஷ் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் தடங்கலின்றி வர வேண்டும், காவலுக்கு நிறையப் படையை முடக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. யூதர்கள் மேல் கை வைத்தால் இந்த ஏற்பாடு முறியும் என்பதை டேனிஷ் மந்திரிகள் உணர்த்தியிருந்தார்கள். பெர்லினும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

1943 ஆகஸ்ட் 29 அன்று ஏற்பாடு முறிந்தது. நாசவேலைக்கு மரண தண்டனை விதிக்கச் சொன்னதை மந்திரிசபை ஏற்கவில்லை, பதவி விலகியது. ராணுவச் சட்டம் வந்தது. அரசரைத் தலைநகருக்கு வடக்கே சோர்கன்ஃப்ரி மாளிகையில் காவலில் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 1 இரவு, யூதர்களைப் பிடிக்கும் வேட்டை. நட்சத்திரம் குத்தி அடையாளப்படுத்தி, பிறகு பிடிப்பது என்ற படிகளே இங்கே இல்லை. நேரே கப்பலில் ஏற்றுவதுதான் திட்டம். ஜெர்மன் தூதரகத்திலேயே கப்பல் விவகாரம் பார்த்த டக்விட்ஸ் என்ற அதிகாரி மூன்று நாள் முன்னதாகச் சேதியைக் கசியவிட்டார். வீடுகள் காலியாயின. மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்தப்பட்டவர்கள் 7,000-க்கும் மேல். அகப்பட்டு, தெரெசியன்ஷ்டாட் முகாமுக்குப் போனவர்கள் சுமார் 470 பேர். இந்தப் பெருமை படகுக்காரர்களுக்கும், டாக்டர்களுக்கும், கதவைத் திறந்துவிட்ட அக்கம்பக்கத்தாருக்கும் சேர வேண்டியது. அரசரின் பங்கு, ஜெர்மன் பிரதிநிதி வெர்னர் பெஸ்டுக்கு எழுதிய கண்டனக் கடிதம்.

பிறகு கதை எங்கே முளைத்தது? 1941 செப்டம்பரில், மந்திரி வில்ஹெல்ம் பூலுடன் பேசியதை அரசர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு கோரிக்கை வந்தால் மறுக்க வேண்டும். மீறி வந்தால் நாம் எல்லோருமே அதை அணிந்துகொள்வதுதான் தக்க பதில் என்பது அதன் சாரம். 1942 ஜனவரியில் சுவீடனின் கோத்தன்பர்க் பத்திரிகை ஒன்றில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது: நட்சத்திரம் அணியச் சொன்னால் என்ன செய்வது என்று பிரதமர் கேட்கிறார், எல்லோரும் அணிய வேண்டியதுதான் என்கிறார் அரசர். கடல் கடந்து போவதற்குள் 'வந்தால்' என்பதிலிருந்த 'ஆல்' உதிர்ந்துவிட்டது. 'வந்தது, அணிந்தார்' ஆகிவிட்டது. தலைமைச் செயலகத்தில் ஏற்றிய நாஜிக் கொடியை 'நானே இறக்குவேன்' என்று அவர் மிரட்டியதாகச் சுற்றும் இன்னொரு கதையும் இதே ரகம். அதற்கும் ஆதாரம் இல்லை.

ஜனங்கள் நிஜமாகவே நெஞ்சில் குத்திக்கொண்டது வேறொன்று. 1940 செப்டம்பர் 26 அரசரின் 70-வது பிறந்தநாள். அதற்காக கியோர்க் யென்சன் வெள்ளிப் பட்டறை ஒரு சின்ன ஊசிப் பதக்கம் செய்தது: மேலே கிரீடம், கீழே அரசரின் பெயரெழுத்துகள், கூடவே டேனிஷ் கொடியின் சிவப்பும் வெள்ளையும். கோட்டு மடிப்பில் அதைக் குத்திக்கொள்வதைத் தடுக்க ஜெர்மானியருக்குச் சாக்கு கிடையாது. அரசர் இருக்கலாம் என்று அனுமதித்தவர்களே அவர்கள்தானே!

குதிரையின் பெயர் ஜூபிலி. அமாலியன்போர் அரண்மனையிலிருந்து காலையில் கிளம்பி, மெய்க்காப்பாளர் யாரும் இல்லாமல் தெருக்களில் போவார். ஆளே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். சேணத்தில் உட்கார்ந்தால் கூட்டத்துக்கு மேலே தலை தெரியும். அக்காலப் புகைப்படங்களில் குதிரையைச் சூழ்ந்து சைக்கிள்காரர்கள் வருவதைப் பார்க்கலாம். 1942 அக்டோபர் 19 அன்று கீழே விழுந்தார். பிறகு பழைய உடம்பு திரும்பவே இல்லை.

விழுவதற்கு மூன்று வாரம் முன்புதான் தந்தி விவகாரம். பிறந்தநாளுக்கு ஹிட்லர் நீளமாக வாழ்த்து அனுப்பினார். பதில் ஜெர்மன் மொழியில் ஐந்தே சொல், 'என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று. ஹிட்லருக்கு அது அவமரியாதையாகப் பட்டது. தூதரைத் திரும்ப அழைத்தார். மந்திரிசபையை மாற்ற வைத்தார். பெஸ்ட்டை அனுப்பியதும் இந்தச் சூட்டில்தான்.

அரசர் பிறவியிலேயே அடக்கமான மனிதர் என்று நினைக்க வேண்டாம். 1920-இல் செய்த காரியத்துக்கு முடியே போயிருக்கும். முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக் பகுதி யாருக்கு என்று வாக்கெடுப்பு நடந்தது. வடக்கு மண்டலம் டென்மார்க்குக்கு வந்தது; ஃபிளென்ஸ்பர்க் நகரம் உள்ள நடு மண்டலத்தில் 80 சதவீதம் ஜெர்மனி பக்கம். ஃபிளென்ஸ்பர்க்கும் வேண்டும் என்றார் அரசர். வாக்கு முடிவை மீற மாட்டேன் என்றார் பிரதமர் ஸாலெ. மார்ச் 29 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார் அரசர். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்துக்கு இறங்கின, தெருவில் குடியரசுக் கோஷம் எழுந்தது. ஒரே வாரத்தில், ஈஸ்டர் அன்று, இறங்கிவந்தார். அதற்குப் பிறகு எந்த டேனிஷ் அரசரும் மந்திரிசபையைக் கலைத்ததில்லை. 1940-இல் அவர் மந்திரிகளோடு ஒட்டியே நின்றதற்கு 1920-இல் வாங்கிய சூடுதான் காரணம் என்பது என் கணிப்பு. நாட்டைவிட்டுப் போய் லண்டனிலிருந்து போராடிய நார்வே அரசர் ஏழாம் ஹாகோன் இவருடைய சொந்தத் தம்பி. பழைய பெயர் கார்ல். 1905-இல் நார்வே முடியை நீட்டியபோது, ஜனங்களைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று வாக்கெடுப்பு நடத்த வைத்துவிட்டு ஏற்றவர். தம்பி ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டதை அண்ணன் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

(நம் தரங்கம்பாடிக் கோட்டைக் காலத்துக் கிறிஸ்டியனும் இவரும் ஒருவரா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர் நான்காமவர், 1620 சமாச்சாரம். டென்மார்க்கில் கிறிஸ்டியன், ஃபிரெடரிக் என்று பெயர் மாறிமாறி வரும்; எண்ணைப் பாருங்கள்.)

வீட்டுக்குள் போனால் சங்கடம் வேறு விதம். அரசி அலெக்ஸாண்ட்ரின் ஜெர்மன்காரி, மெக்லன்பர்க் குடும்பம். அவருடைய தங்கை செசிலி, ஜெர்மன் பேரரசர் கெய்சரின் மூத்த மருமகள். இரண்டு பிள்ளைகள்: 1899-இல் ஃபிரெடரிக், 1900-இல் க்னூட்.

நீங்கள் சொல்லும் 'பிடுங்கல்' தகப்பனார் காலத்தில் நடந்ததே அல்ல. அவர் 1947 ஏப்ரல் 20 அன்று இறந்தார். எதிர்ப்பியக்கத்தார் கையில் கட்டிய துணிப்பட்டை ஒன்றைச் சவப்பெட்டி மேல் வைத்தார்கள். பட்டம் முறைப்படி மூத்தவருக்கு, ஒன்பதாம் ஃபிரெடரிக்காக. அவருக்கு மூன்றும் பெண்கள். பெண்கள் ஆள முடியாது என்பதால் தம்பி க்னூட் அடுத்த வாரிசு. 1953-இல் புதிய அரசியலமைப்போடு சேர்த்து வாரிசுச் சட்டத்தையும் ஜனங்களிடம் வைத்தார்கள். போட்ட ஓட்டில் பெரும்பான்மை போதாது. அன்றைய விதிப்படி மொத்த வாக்காளரில் 45 சதவீதம் 'சரி' சொல்ல வேண்டும். 1939-இல் இதே வேலியில் ஒரு திருத்தம் 44.5-இல் இடறி விழுந்திருந்தது. ஃபிரெடரிக்கின் மூத்த மகள், சிறுமி மார்கரெத்தெ அரசியாகலாம் என்ற சேர்க்கைதான் இந்தத் தடவை ஜனங்களை வாக்குச்சாவடிக்கு இழுத்தது என்பார்கள். கிடைத்தது 45.8. முக்கால் சதவீதச் சொச்சத்தில் க்னூட் வாரிசு இல்லாமல் போனார். அப்போதும் சட்டம் முழு சமத்துவம் தரவில்லை. மகன் இருந்தால் மகனுக்கே முதலிடம். அதை மாற்ற 2009 வரை ஆயிற்று.

க்னூட்டுக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. 1972 ஜனவரியில் அண்ணன் மகள் அரசியானதைப் பார்த்துவிட்டு, 1976-இல் போய்ச் சேர்ந்தார்.